சத்காரம் சார்

ஸ்ரீரங்கனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால், அவர் வீட்டுக் காபி பிரமாதம் என்பேன். அதைப் போடுகிறவர் அவர் மனைவி. மற்றபடி சொல்ல நான் எங்கே போவேன்?

தாம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் ஃபைல் தள்ளியவர். அங்கே பியூன்கூட அவரைப் பார்த்து எழுந்து நின்றதில்லையாம். அந்த ஏக்கத்தோடு ரிட்டையர் ஆகி, மேடவாக்கத்தில் எங்கள் அப்பார்ட்மெண்ட்டுக்குக் குடிவந்தார். இருபத்தொரு நாள் யோகா பயிற்சி ஒன்றுக்குப் போனார். போகும்போது பேண்ட் சட்டை, திரும்பி வரும்போது வெள்ளை ஜிப்பா. மறுவாரமே மொட்டைமாடியில் காலை ஆறு மணிக்கு வகுப்பு ஆரம்பித்துவிட்டார்.

ஆசனமெல்லாம் சுமார்தான். குனிந்தால் அவர் கை அவர் முழங்காலைத் தாண்டாது. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல், சத்காரம். "அப்பியாசம் நீண்ட காலம் பண்ணணும், விடாம பண்ணணும், சத்காரத்தோட பண்ணணும். யோக சாஸ்திரத்துலயே இருக்கு. சத்காரம்னா என்ன? குருவுக்கு மரியாதை!" தினம் இதே பாட்டு. நாங்கள் அவருக்குச் சத்காரம் சார் என்றே பெயர் வைத்துவிட்டோம்.

வகுப்பு முடிந்ததும் அவர் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு உட்காருவார். நாங்கள் ஒவ்வொருவராக முன்னால் போய், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட வேண்டும். நெஞ்சுக்கு நேராகக் கும்பிட்டால் முகம் சுளிப்பார். "அது ஓட்டுக் கேக்க வர்றவாளுக்கு" என்பார். தலைக்கு மேலே கைகூப்புவது சாமிக்கு, குருவுக்கு நெற்றியோடு சரி என்று எங்கள் வீட்டில் சொல்லித்தான் வளர்த்தார்கள். இந்த மனுஷன் நேரே சாமி இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டார்.

வாட்ச்மேன் வெற்றிவேல் ஒருநாள் என்னிடம் கேட்டான்: "இன்னாக்கா, மாடில புது சாமி வந்துகீதாமே? உண்டியல் எப்ப வெப்பாங்கோ?"

ஏப்ரலில் மூன்றாம் மாடி தபீதாள் டீச்சர் வகுப்பில் சேர்ந்தார். கோவிலம்பாக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் போனபின் அந்த வகுப்பறைதான் அவருக்கு உலகம். நவம்பரிலிருந்து வலது தோள்பட்டை இறுகிப்போய், கை நெஞ்சுக்கு மேல் எழும்பவில்லை. பிள்ளைகளை விட்டே போர்டில் எழுதவைத்து வருஷத்தை ஓட்டிவிட்டார். பள்ளிக்கூடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: ஜூனில் வரும்போது போர்டில் எழுத முடியவேண்டும், இல்லாவிட்டால் வேறு டீச்சர் போட்டுக்கொள்வோம். கைக்குத் தினமும் பயிற்சி கொடுக்கச் சொன்னார் டாக்டர். அந்த நம்பிக்கையில்தான் மாடியேறி வந்தார்.

முதல் நாளே, வகுப்பு முடிந்து கும்பிடும் நேரம். தபீதாளின் இடது கை மேலே போனது. வலது கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"மேடம், இன்னொரு கை எங்கே?" என்றார் ஸ்ரீரங்கன்.

"வரலை சார். தோள்பட்டை..."

"உங்க சர்ச்ல கும்பிடக்கூடாதுன்னு சொல்லியிருந்தா நேராவே சொல்லிடுங்கோ. அரைக் கும்பிடெல்லாம் எனக்கு வேண்டாம்."

"ஐயோ, அதெல்லாம் இல்ல சார். இது சரியாகணும்னுதானே வந்தேன்?"

"சத்காரம் இல்லாதவாளுக்கு யோகம் வராது. நாளைலேர்ந்து வரவேண்டாம்."

கால் ஒடிந்தவனிடம், நொண்டாமல் நடந்து வந்தால்தான் கட்டுப் போடுவேன் என்கிற வைத்தியரை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? நாங்கள் பார்த்தோம். தபீதாள் ஒற்றைக் கையால் பாயைச் சுருட்டினார். அது பிரிந்து பிரிந்து விழுந்தது. பதினேழு பேர் இருந்தோம். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நானும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தும் மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. வகுப்பில் எல்லோருக்கும் அவர் கொடுத்த சின்னப் புத்தகத்தை அன்றுதான் பிரித்தேன். சத்காரம் என்றால் செய்கிற பயிற்சியை மதிப்பது, அக்கறையோடு, அலட்சியமில்லாமல் செய்வது என்று போட்டிருந்தது. அந்தப் பக்கத்தில் குரு என்ற பேச்சே இல்லை. தான் கொடுத்த புத்தகத்தைத் தானே படிக்காத ஜென்மம்!

மறுவாரம் தபீதாள் வீட்டுக்குப் போனேன். சமையலறைச் சுவரில் வலது கை விரல்களை ஊன்றி, ஒவ்வொன்றாக மேலே நகர்த்திக்கொண்டிருந்தார். டாக்டர் காட்டிய பயிற்சியாம். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். சுவரில் பென்சில் கோடுகள், பக்கத்தில் தேதிகள்.

"ஒருநாள்கூட விடலையா?" என்றேன்.

"விட்டா மறுநாளே கீழ இறங்கிடுதுக்கா. அவசரப்பட்டா உயிர் போற வலி. அதான் பாத்துப் பாத்துப் பண்றேன்."

"அட, இதுக்குப் பேர்தான் டீச்சர் சத்காரம்!" என்று நான் படித்ததைச் சொன்னேன்.

"பேரு எதுவா இருந்தா என்னக்கா? எனக்கு ஜூன்ல போர்டு எட்டணும்."

எட்டியது. பள்ளி திறந்த அன்று போர்டின் உச்சியில் தேதி எழுதிவிட்டு, மதியம் எனக்குப் போன் செய்து அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

சேதி ஸ்ரீரங்கன் காதுக்கும் போயிருக்கிறது. ஜூன் இருபத்தொன்று, யோகா தினம். கீழே ஹாலில் மேடை போட்டு, மைக்கும் கையுமாக நின்றார். "கையே தூக்க முடியாம என் வகுப்புக்கு வந்தவா, இன்னிக்குப் பாருங்கோ! தபீதாள் மேடம், மேல வாங்கோ. எல்லாருக்கும் காட்டுங்கோ!"

அடப்பாவி மனுஷா! வெட்கம், மானம் ஒன்றும் கிடையாதா?

தபீதாள் மேடையேறினார். சபையைப் பார்த்து இரண்டு கைகளையும் நேராக மேலே தூக்கினார். காது இரண்டையும் ஒட்டிக்கொண்டு நின்றன கைகள். ஸ்ரீரங்கன் நாற்காலியில் உட்கார்ந்து, ஜிப்பாவை இழுத்துவிட்டுக்கொண்டு, கும்பிடு வாங்கத் தயாரானார். தபீதாள் கைகளை இறக்கிவிட்டு அவர் பக்கம் திரும்பினார். மைக் அவர் மடியில் அணையாமல் இருந்தது.

"அன்னைக்கு எனக்குக் கை வரலை சார். இன்னைக்கு மனசு வரலை."

ஹால் முழுக்கக் கேட்டது. நான்தான் முதலில் எழுந்து நின்று கைதட்டினேன். ஏப்ரலிலேயே எழுந்திருக்க வேண்டியவள்.