தோற்றவருக்கு உபதலைவர் பதவி

சாயப்பட்டறை நீராவியின் புளித்த மணம் மூக்கில் ஏற, டென்மார்க்கின் இக்காஸ்ட் ரயில் நிலையத்தை நோக்கி ஈரத் தெருவில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் பள்ளிப் பை, புத்தகங்களைக் கொட்டிவிட்டு அதற்குள் திணித்த உடுப்புகள். வயது பதினேழு. அப்பா பின்னால் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். வரவில்லை.

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் கூடிய வாக்கு எடுத்தவர் தலைவர், அவரிடம் தோற்றவர் உபதலைவர். உறவில்லாவிட்டாலும் நான் மாமா என்று கூப்பிடும் சிவம் வென்றார், அப்பா உபதலைவரானார். அதன்பின் மண்டபத்தை ஒருவர் பூட்டினால் மற்றவர் இழுத்துப் பார்ப்பார். அப்பா ஊற்றிய தேநீரை மாமா முகர்ந்து பார்த்தே குடிப்பார். "தோத்தவனைப் பக்கத்திலை இருத்தினால் முதுகு கூசும்" என்பார்.

அந்த வருடம் பள்ளியில் அமெரிக்காவின் ஆரம்பகாலத் தேர்தல்களைப் படித்தோம். அங்கும் இதே விதிதான். இரண்டாவதாக வந்த எதிராளியே உப ஜனாதிபதி. பிறகு ஒரே கட்சிக்காரர் இருவர் சமமாக வாக்கெடுத்துப் பெரிய இழுபறியாகிவிட, அரசியல் யாப்பைத் திருத்தி இரண்டு பதவிக்கும் தனித்தனியே வாக்களித்தார்கள். வழியில் கண்டு படிப்பை விசாரித்த மாமாவிடம் இதைச் சொன்னேன்.

"கூட்டத்திலை சொல்லு தம்பி, சண்டை ஓயும்" என்றார்.

எழுந்து சொன்னேன். "அமெரிக்காக்காரன் வந்திட்டான், கதிரை குடுங்கோ" என்று யாரோ சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை, உடனே கைகளை உயர்த்தச் சொன்னார். விதி மாறியது, உபதலைவருக்குத் தனி வாக்கெடுப்பு நடந்தது, மாமாவின் மச்சான் வென்றார். அப்பாவின் பதவி போனது.

வீட்டில் அப்பா சப்பாத்தைக் கழற்றாமலே நின்றார்.

"உன்னை ஆர் ஏவி விட்டது?"

"ஒருத்தரும் இல்லை. புத்தகத்திலை கிடந்தது."

"சிவத்தாரிட்டைப் போனனியோ?"

"ஓம், வழியிலை கண்டு..."

"காணும், நிப்பாட்டு. என்ரை வீட்டுக்குள்ளையும் அவன்ரை ஆள்."

இன்று அந்தச் சங்கம் இல்லை. மண்டபத்தில் இளைஞர்கள் பாரம் தூக்கிப் பழகுகிறார்கள். சாயப்பட்டறையும் மூடிவிட்டது. அப்பா பிறகு என்னோடு கதைத்தார், ஆனால் சாகும்வரை நான் சொன்னதை நம்பவில்லை. மாமா என் படிப்பை விசாரித்தது அன்பிலா, தேவையிலா என்பது எனக்கும் விளங்கவில்லை. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வேலைகள் செய்துவிட்டேன். முதல் வேலை, அன்றிரவு வீட்டை விட்டு வெளியேறிய எனக்கு, மறுநாள் காலை ஒடென்சே நகரில், ஓர் உணவகத்தின் பின்கதவில் கிடைத்தது. முதலாளி ஒரு கேள்வியும் கேட்காமல் ஏப்ரனை நீட்டினார். அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. என்றாலும் கட்டிக்கொண்டு சட்டி கழுவத் தொடங்கினேன்.