கண்டக்டர் மாமனுக்கு மேலே ஒரு கறுப்புக் கட்டம்

ஷார்ஜாவிலிருந்து எங்கள் ரசிகர் கூட்டத்து ஜெபராஜ் அழைத்தான். "எக்கா, ஸ்டான்லி அண்ணன் போயாச்சுன்னு ஆளுவ சொல்லுதாவ. நம்ம சைட்டுல பாத்தேன், ஒண்ணும் காணல்ல. அப்போ பொய்தானே?" எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. செத்த மனுஷன் எழுந்து வந்து செய்தி போட்டால்தான் நம்புவீர்களாக்கும்! சற்று முன்புதான் புதுக்கடை ஊரிலிருந்து அவர் மனைவி பேசியிருந்தார். நெஞ்சுவலியாம், ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே முடிந்துவிட்டதாம்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் நாகர்கோவில் பக்கத்து வீடுகளில் ஆன்டெனாவைத் திருவனந்தபுரம் பார்த்துத் திருப்பி வைத்திருந்த காலத்தில், ஒரு மலையாளத் தொடரில் பஸ் கண்டக்டராக நடித்தவர் எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் 'கண்டக்டர் மாமன்'. அவருக்காக ஸ்டான்லி அண்ணன் 2004-இல் தன் பிரவுசிங் சென்டரில் இருந்தபடி தமிழில் ஒரு ரசிகர் தளம் தொடங்கினார். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து, குறுக்கே ஓடும் வாழ்த்துச் செய்தி வேறு. நாகர்கோவிலில் வெப் டிசைன் வேலை பார்க்கும் நான் சும்மா இருந்திருக்கலாம். "மாத்தித் தாறேன் அண்ணே" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

புதுத் தளத்தில் நிறத்தை மாற்றச் சம்மதித்தார். ஓடும் செய்தியை நிறுத்தவும் சம்மதித்தார். ஒன்றில் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. ரசிகர் வீடுகளில் யார் இறந்தாலும் முதல் பக்கத்தின் உச்சியில் கறுப்புக் கட்டம் போட்டுச் செய்தி வைப்பார். அடக்கம் எத்தனை மணிக்கு, எந்தக் கோயில் கல்லறைத் தோட்டத்தில், எந்த ஜங்ஷனில் இறங்க வேண்டும் என்பது வரை இருக்கும். கண்டக்டர் மாமன் அதற்கெல்லாம் கீழே, தலை மட்டும் தெரிய நிற்பார்.

"இது ரசிகர் தளமா, சாவுப் பலகையா? தனிப் பக்கம் போட்டுத் தாறேன்" என்றேன்.

"மக்கா, கல்யாணத்துக்கு விளிச்சாத்தான் போவணும், சாவுக்கு அறிஞ்சாலே போவணும். கல்ஃபுல கெடக்கவனுக்கு போவ ஒக்காது. ஒரு போனாவது பண்ணண்டாமா? நீ அதக் கொண்டு உள்ள ஒளிச்சு வைப்ப!"

இந்த மனுஷனோடு மாரடிக்க முடியாமல், நடிகரிடமே நியாயம் கேட்கலாம் என்று அண்ணனைத் திருவனந்தபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். தளத்தைப் பார்த்த நடிகர், "ஞான் எவிட?" என்று தன்னைத் தேடினார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஸ்டான்லி அண்ணன் அசரவில்லை. "சார், நீங்க எங்கயும் போவ மாட்டீங்க. இவங்க போயாச்சு" என்றார். நடிகர் விழுந்து விழுந்து சிரித்தார். நியாயம் கேட்கப் போன நான் திரும்பும் பஸ்ஸில் எல்லையிலிருக்கும் களியக்காவிளை வரை அண்ணனோடு பேசவில்லை.

ஆனாலும் நடிகர் பிற்பாடு தன் பழைய படங்களைக் கொடுத்தனுப்பினார், புதுத் தளம் வந்தால் பார்க்க ஆசை என்றும் சொல்லியனுப்பினார். அதற்காகத்தான் ஸ்டான்லி அண்ணன் இறங்கி வந்தார். "செரி மக்கா, உன் இஷ்டம். ஈஸ்டருக்கு ஏத்துவோம்" என்றார். முதல் பக்கம் முழுக்கக் கண்டக்டர் மாமன். கறுப்புக் கட்டம் கிடையாது. வருஷக்கணக்காகச் சண்டை போட்டு ஒருவழியாக நான் ஜெயித்திருந்தேன். அந்த ஈஸ்டருக்கு முந்தின வாரம்தான் இவர் போய்ச் சேர்ந்தார். இப்படியுமா ஒரு மனுஷன் பழிவாங்குவான்?

புதுத் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரை எங்கே போடுவது? 'செய்திகள்' என்று நானே ஒரு மூலையில் வைத்திருந்த பொத்தானுக்குள்ளா? அதற்குள் ஜெபராஜ் மறுபடியும் அழைத்தான். "எக்கா, இப்பவும் காணல்லியே. பொய்தானே?" போனை வைத்தேன். பழைய மஞ்சள் பக்கத்தைத் திறந்தேன். உச்சியில் கறுப்புக் கட்டம் போட்டேன். பெயர், அடக்க நேரம், கோயில், இறங்க வேண்டிய ஜங்ஷன். எல்லாம் அவர் போடுகிற வரிசையில், அதே கண்ணைக் குத்தும் சிவப்பில்.

கொஞ்ச நேரத்தில் ஜெபராஜ் அழைத்தான். "பாத்தேன் எக்கா. அப்போ உள்ளதுதான்" என்றான்.

புதுத் தளம் என் கம்ப்யூட்டரில் அப்படியே கிடக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த அவலட்சணம் பிடித்த கட்டம்தான். நண்பர்களே, உங்கள் வீட்டில் ஏதாவது என்றால் இனி எனக்குச் சொல்லுங்கள். அடக்க நேரத்தை மட்டும் சரியாகக் கேட்டுச் சொல்லுங்கள். முதல் பக்கத்திலேயே போடுகிறேன்.