சித்தப்பா எடுத்த நடனப் படம்

பேர்லினில், நொய்கெல்ன் பகுதியில் நாங்கள் இருந்த வீட்டுக்குக் கீழே கானா நாட்டு அன்ரி ஒருவரின் தலைமுடி பின்னும் கடை இருந்தது. கடைக்குப் பின்னால் நீளமான ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வட்டாரத்துக் கறுப்பின மக்கள் அங்கே கூடிச் சமைப்பார்கள், ஆடுவார்கள். சத்தம் தாங்க முடியவில்லை என்று அம்மா புறுபுறுப்பார். பாட்டுத் தொடங்கச் சற்றுப் பிந்தினால், ஏன் இன்னும் கேட்கவில்லை என்றும் அவரே கேட்பார்.

எனக்குப் பத்து வயதில் கட்டடம் கைமாறியது. மாதக் கடைசிக்குள் கடையைக் காலிசெய்ய வேண்டும் என்று கடிதம் வந்தது. அன்ரியின் மகளை நான் அக்கா என்பேன். நடனம் படித்தவர். அறை போவதற்குள் அதன் கதையை நடனமாகவே படம்பிடித்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். வந்திறங்கியவர்கள் வதிவிட அனுமதிக்கு வரிசையில் நின்றது, ஆஸ்பத்திரித் தரை துடைத்தது, முடி பின்னியது எல்லாவற்றையும் ஆட்டமாக்கி ஐந்து பேரைப் பழக்கினார். தங்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் யாரும் ஒரு வரிகூடச் சொல்லித் தரவில்லை என்பார். படம்பிடிக்கத்தான் ஆள் இல்லை. என் சித்தப்பாவிடம் கமெரா இருக்கிறது என்று நான் முந்திரிக்கொட்டை மாதிரிச் சொல்லிவிட்டேன்.

சித்தப்பா உணவகத்தில் வேலை செய்தார். ஓய்வு நாட்களில் தமிழர் வீட்டுக் கலியாணங்களையும் சடங்குகளையும் வீடியோ எடுப்பார். எங்கள் ஆட்களின் வீடியோவுக்கு ஒரு சட்டம் உண்டு. தாலி ஏறும்போது மணமகள் கண்ணை மூடியிருந்தாலும் பரவாயில்லை. வந்தவர் ஒருவரின் முகம் விடுபட்டால் அந்தக் குடும்பம் ஆயுளுக்கும் பேசாது. அதனால் பந்தியில் இருப்பவர், வாசலில் சிகரெட் பிடிப்பவர் என ஒருவரையும் விடமாட்டார். அவருக்கு ஜேர்மன் அரைகுறை. நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

ஆட்டத்தை மட்டும் எடுக்கச் சொல் என்றார் அக்கா. சொன்னேன். "ஓம், ஓம்" என்றார் சித்தப்பா.

முதல் இரண்டு ஆட்டங்களையும் ஒழுங்காகவே எடுத்தார். கடை மூடப்படுவதைக் காட்டும் கடைசி ஆட்டம்தான் பெரியது. அது தொடங்கியதும் கமெரா மெல்லத் திரும்பியது. சுவரோரக் கதிரைகளில் வயதானவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஆடுகிறவர்களுக்கு முதுகைக் காட்டியபடி, கலியாணவீட்டில் போலவே, ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு போனார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. வரிசை முடியவும் பற்றரி முடியவும் சரியாக இருந்தது. மற்றப் பற்றரியை முதல்நாள் சடங்கில் தீர்த்துவிட்டு வந்திருக்கிறார். திரும்ப ஆடவும் வழியில்லை. ஆடியவர்களில் இருவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

அக்கா சுவரில் சாய்ந்து அழுதார். எனக்கு எங்கே ஓடி ஒளிவது என்றிருந்தது.

"ஆட்டத்தைப் பிறகும் ஆடலாம் பிள்ளை. இந்தச் சனத்தைப் பிறகு எங்க போய்த் தேடுறது? அவவுக்கு விளங்கச் சொல்லு" என்றார் சித்தப்பா.

நான் அக்காவிடம் திரும்பி, மன்னிப்புக் கேட்கிறார் என்று சொன்னேன்.

சில மாதங்களின் பின் ஒரு தேவாலய மண்டபத்தில் படத்தைக் காட்டினார்கள். கடைசி ஆட்டத்தின் இடத்தில் பாட்டு மட்டும் கேட்டது. திரையில் அந்தக் கதிரைகள். ஒரு கிழவரின் குதிகால் தாளம் போட்டது. பக்கத்துப் பெண்மணியின் தோள்கள், இளையவர்கள் ஆடிய அதே ஆட்டத்தை எழும்பாமலே ஆடின. வேறு வழியில்லாமல் அக்கா அதைச் சேர்த்திருக்கிறார் என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன். முடிந்ததும் ஒருவர் எழுந்து, அந்தத் துண்டைத் திரும்பப் போடும்படி கேட்டார். அந்தக் கிழவர் அவருடைய தகப்பன், இடையில் இறந்துபோயிருந்தார்.

"என்னவாம்?" என்றார் சித்தப்பா.

"திரும்பப் போடட்டாம்."

"போடத்தானே வேணும்."

அக்கா எங்கள் வரிசைக்கு வந்து சித்தப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆட்டமே இல்லாத துண்டை எதற்கு இரண்டாந்தரம் பார்க்க வேண்டும் என்று நான் எரிச்சலோடு ஜாக்கெட்டை மாட்டத் தொடங்கினேன். சித்தப்பா சொல்லச் சொன்னதை அக்காவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை. இரண்டு மொழியும் தெரிந்த என்னைத் தவிர, அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் அது விளங்கியிருந்தது.