நிஸ்வாக் குன்றுகளில் ஓட்டம்

இங்கே ஓமானில், டியூட்டிக்கு முன் குன்றுப் பாதையில் ஓடுகிறேன். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவனும் நான்தான், ஒரு காரியமும் இல்லாமல் சும்மா ஓடுகிறவனும் நான்தான். கீழே நிஸ்வா கோட்டையின் வட்டக் கோபுரம் காலை வெயிலில் மின்னுகிறது. ஆட்கள் உள்ளே இறங்கி நிலத்தடி வாய்க்காலைத் தூர்வாரும் குழியைத் தாண்டி, பேரீச்சந்தோப்பை நோக்கி இறங்குகிறேன்.

தோப்பிலிருந்து ஓர் ஓமானி மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து என் தோள்களைப் பிடிக்கிறார். பம்பாயில் பழகிய இந்தியில் கேட்கிறார்: "குழி சரிஞ்சிடுச்சா? என் தம்பி உள்ளே இருக்கான், சொல்லு பாய்!"

"மாஃபி, மாஃபி! இல்லை பாய், ஒண்ணும் ஆகலை. உள்ளேருந்து பாட்டுச் சத்தம்கூடக் கேட்டுது."

"பாட்டா? கழுதைக் குரலா?"

"ஆமாம்."

"அவன்தான்." சிரித்தபடி என் தோள்களை விடுகிறார். "அப்ப ஏன் ஓடுறே?"

"உடம்புக்கு நல்லது பாய்."

"யார் உடம்புக்கு?" நெஞ்சைத் தடவிக்கொள்கிறார். "இங்கே குழிப்பக்கமிருந்து ஒருத்தன் ஓடி வந்தா அது சாவுச் சேதி. நாளைலேருந்து ஏறும்போது ஓடு, இறங்கும்போது நட."

எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் காம்ப் வண்டி கிளம்பும் நேரம். ஆனாலும் தோப்பில் வேலை செய்யும் கடைசி ஆளின் கண்ணிலிருந்து மறையும்வரை நடந்தே போகிறேன்.