உடம்பில் இரும்பு இருக்கிறதா?

வன்னியை விட்டு வந்து முந்தலில் குடியேறி இவ்வளவு காலமாகியும் கொழும்பு எனக்குத் தூரமாகத்தான் இருக்கிறது. பஸ்ஸில் நின்றுகொண்டே போய் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்ததும் எனக்குக் கண்ணைச் சொருகியது. கண்ணுக்காக வந்த என் கணவரோ கொட்டக் கொட்ட விழித்திருந்தார்.

அவருக்கு இறால் பண்ணையில் வேலை. தண்ணீருக்குள்ளிருந்து தீனித் தட்டைத் தூக்கி, மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அடுத்த தீனியைப் போட வேண்டும். தட்டு வெறுமையா இல்லையா என்று பக்கத்தில் நிற்பவர்களிடம் கேட்கத் தொடங்கியிருந்தார். முதலில் வலது கண், பிறகு இடதும் மங்கிக்கொண்டே போனது. பண்ணையில் இனி எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதுதான் எங்கள் பயம்.

கண்ணில் பிழையில்லை என்றார் டொக்டர். நரம்பிலா, மூளையில் பார்வைக்குரிய இடத்திலா கோளாறு என்று எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியுமாம். இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, படங்களைக் காட்டி, மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்றும் பார்ப்பார்களாம். அந்தத் திகதி கிடைக்க நாங்கள் அலைந்த அலைச்சலுக்கு வன்னிக்கே நடந்து போய்த் திரும்பியிருக்கலாம்.

கடைசியில் கூப்பிட்டார்கள். இயந்திரத்துக்குப் பொறுப்பான இளைஞர் சிங்களத்தில் கேட்டார்: உடம்பில் இரும்பு ஏதும் இருக்கிறதா? பழைய காயம்?

“நெஹே,” என்றார் என் கணவர்.

அவர் சிங்களத்தில் முதலில் பழகிய சொல்லே இந்த ‘இல்லை’தான். புருவத்துக்குக் கீழே உள்ள தழும்பு யுத்தத்தில் ஷெல் துண்டு பட்டது. இராணுவச் சோதனைச் சாவடிகளில் அதைக் காட்டிக் கேட்ட ஒவ்வொருவரிடமும் இல்லை, சைக்கிளால் விழுந்த காயம் என்றே சொல்லிப் பழகிவிட்டார். தழும்பு உள்ளவனைப் போராளியென்று தனியே கூட்டிக்கொண்டு போன காலம் அது.

உள்ளே இருப்பது பெரிய காந்தம் என்று அந்தப் பிள்ளை சொன்னதும் நான் குறுக்கே புகுந்தேன். உடைந்த சிங்களத்தில் ஷெல் கதையைச் சொன்னேன்.

“நீர் சும்மா இரும்,” என்று சீறினார் என் கணவர். எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது கண்ணுக்குப் பின்னால் ஒரு துண்டு, வெள்ளை வெளேரென்று.

இளைஞர் தமிழுக்கு மாறினார். பேச்சைக் கேட்டால் சிலாபத்துப் பிள்ளையாக இருக்க வேண்டும்.

“ஏன் ஐயா சொல்லல்ல? உள்ள போயிருந்தா அது அசைஞ்சு கண்ணே போயிருக்கும். இனி இந்த மெஷின்ல உங்களைப் போட ஏலாது.”

“சொன்னா வீட்டை போக விடமாட்டினம், தம்பி.”

“யாரு?”

என் கணவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சோதனைச் சாவடிக்காரர் யாரும் இப்போது அங்கே இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் கோபிப்பதென்றுதான் தெரியவில்லை.

வேறு வழி இருந்தால் டொக்டர் சொல்வாராம். சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தோம். பஸ் நிலையத்தில் ஒரு பஸ்ஸுக்கு நேர் முன்னால் போய் நின்று, அதன் பெயர்ப் பலகையை நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

“இது எங்க போற பஸ்?” என்று கேட்டார்.