கண்ணாடி பிடித்துப் படித்த பக்கம்

நீவெஸ் புருசாஃபெரோவுக்கு மூக்கின் மேல் கோபம் என்று மிலான் அச்சகங்களில் பேர். பின்னே வராதா? சிறுவர் வார இதழில் மற்றவர்கள் எழுதிய கதைக்கெல்லாம் வருஷக்கணக்கில் படம் போட்டுத் தேய்ந்தவள். கெஞ்சிக் கூத்தாடி இப்போதுதான் சொந்தமாக ஒரு சித்திரத்தொடர் வாங்கியிருந்தாள். ஆசிரியர் மல்வேத்ஸி கறாராகச் சொல்லிவிட்டார்: இந்த வாரம் எடுபடாவிட்டால் அந்தப் பக்கத்தில் கால்பந்துக் கதை.

அந்தத் தொடரில், காலம் தாண்டிப் பயணம் போகும் பீச்சே என்கிற பெண், பழங்காலத்து ஓவிய மேதை லியொனார்தோவின் பட்டறையில் போய் விழுகிறாள். அவளுடைய இயந்திரம் உடைந்துவிடுகிறது. சரிசெய்யும் வழியை அவர் எழுதித் தருகிறார். ஆனால் அந்த மனுஷன் இடது கையால் வலமிருந்து இடமாகத் திருப்பி எழுதுகிறவர். கண்ணாடியில் காட்டினால்தான் படிக்க முடியும். பட்டறையிலோ கண்ணாடி கிடையாது. கதையின் உயிரே அங்கேதான். அந்த எழுத்தைப் பெரிய கட்டமாகப் போட்டு, கண் வலிக்க வலிக்க வரைந்திருந்தாள் நீவெஸ்.

இதழ் வந்தது. தன் பக்கத்தைப் புரட்டினாள். லியொனார்தோ வலது கையால் எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுத்து பளிச்சென்று நேராக இருந்தது. பேச்சுக் கட்டங்களில் இருந்த பேச்செல்லாம் இடம் வலமாகத் திரும்பிக் கிடந்தது.

நேரே அச்சகத்துக்குப் போனாள். அச்சுத் தகடு தயாரிக்கும் எஜீதியோ பெருமையாக நின்றார். லியொனார்தோவின் எழுத்து திரும்பியிருந்ததால் பக்கத்தின் பிலிமை யாரோ தப்பாக வைத்துவிட்டார்கள் என்று நினைத்து, தானே திருப்பிப் போட்டாராம். நன்றி வேறு எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

“பேச்சுக் கட்டமெல்லாம் நேராத்தானேய்யா இருந்துச்சு? அதைப் பாக்கலையா?”

“பெரிய படத்தைத்தாம்மா பாத்தேன். பேசுறதை யாரு படிக்கிறா?”

இதழைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஆசிரியரிடம் மன்றாடலாம் என்று டிராம் ஏறினாள். பக்கத்தில் ஒரு கன்னியாஸ்திரி அதே இதழை மடியில் விரித்து வைத்திருந்தார். பவுடர் டப்பாக் கண்ணாடி இருந்தால் கொஞ்சம் தர முடியுமா என்று கூச்சத்தோடு கேட்டார். மடத்தில் கண்ணாடி வைத்துக்கொள்ள விடமாட்டார்களாம். நீவெஸ் எரிச்சலோடு எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மாள் ஒவ்வொரு வார்த்தையாகக் கூட்டிப் படித்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிக்க என்ன இருக்கிறது என்று இவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மல்வேத்ஸியின் அறையில் டெலிபோன் ஓயவில்லை. ஊர்ப் பிள்ளைகள் அம்மாக்களின் கைக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களாம். தொடர் நிற்காது, இனி எல்லா வாரமும் பேச்சைத் திருப்பியே போடு என்றார். அவள் மூளையே மூளை என்று வேறு புகழ்ந்தார். அது மூளையில்லை, எஜீதியோவின் முட்டாள்தனம், என் கதையே செத்துப்போச்சு என்று அவள் கத்தினாள். அவர் காதில் வாங்கவே இல்லை. மனைவியின் கைக்கண்ணாடியைப் பக்கத்தின் மேல் பிடித்து, கடைசிக் கட்டத்தை உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, அந்தப் பொண்ணு வீடு போய்ச் சேந்துடுவாளா?”

இத்தனை வருஷத்தில் அவள் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. பதில் சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது.