ரெண்டுக்கும் பஞ்சு என்றே பெயர்

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட அறை ஒன்று உண்டு. போன கோடையில் அதைப் பிரித்துப் போட்டோம். அழகுக்காக இல்லை. வீட்டை எங்களுக்கு விற்றவர், வெயில் இறங்காமல் இருக்க ஷீட்டுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவில் எதையோ அடைத்துவைத்திருந்தார். அதற்குள் எலிகள் குடும்பம் நடத்தின. நாற்றம் தாங்கவில்லை.

பலகையைக் கழற்றியதும் பொதபொதவென்று ஏதோ தொங்கியது. சில இடத்தில் மஞ்சள், சில இடத்தில் வெளுத்துப் போயிருந்தது. கை வைத்துப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது.

"தொடாதம்மா," என்றார் மேஸ்திரி. "கண்ணாடிப் பஞ்சு. பாக்கத்தான் பஞ்சு, உள்ள பூரா கண்ணாடி ஊசி. சொறிஞ்சிகினு இருப்ப."

தொட்ட பிறகு சொல்கிற எச்சரிக்கை. முழங்கை வரை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

அதை எடுத்துவிட்டுப் போடுவதற்குப் புதிதாக வந்தது பாலியஸ்டர். வெள்ளை வெளேரென்று, அரிப்பில்லாமல் இருந்தது. அதற்கும் அவர்கள் வைத்த பெயர் பஞ்சுதான். "பஞ்ச எறக்கு", "பஞ்ச ஏத்து", "அந்தப் பஞ்சு இல்லடா, இந்தப் பஞ்சு" என்று இரண்டு நாளும் மாடியில் ஒரே கத்தல். விஷத்துக்கும் சோற்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் எவன் உருப்படுவான்?

எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குகிற அக்கா பட்டினப்பாக்கம். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். அக்கா எனக்கு மூத்தவள். ஆனாலும் நான் நீ என்பேன், அவளும் என்னை நீ என்பாள். அவள் மகளுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. மாதம் நிறைவதற்கு முன்னாலேயே பிறந்த குழந்தை. நெஞ்சில் பலமில்லை என்று ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்து, அந்த வாரம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்த மேஸ்திரி மாடியிலிருந்து கத்தினார். "ஓரமா கட்டி வெச்ச மூட்ட எங்க போச்சு?"

"என்ன மூட்டை?"

"பழசுதாம்மா. எலி கடிக்காத நல்ல துண்டா பாத்து எடுத்து வெச்சேன். வேற சைட்டுக்கு ஆவும்னு."

என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "காலைல அக்கா ஒரு மூட்டை எடுத்துட்டுப் போனாங்களே? மேஸ்திரியைக் கேட்டுட்டுதானே எடுத்தாங்க?"

மேஸ்திரி விழித்தார். "மிச்சப் பஞ்ச எடுத்துக்கவா நைனான்னுச்சு. எடுத்துக்கோன்னேன். புதுசுல வெட்டிப் போட்ட துண்டச் சொன்னேம்மா."

வெட்டிப் போட்ட துண்டுகள் அப்படியே கிடந்தன.

"எதுக்குன்னு கேட்டியா?"

"தலகாணிக்காம். பேரப்புள்ளைக்கு."

என் வாயில் என்ன வந்தது என்று இங்கே எழுத முடியாது. அக்காவுக்கு போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன், எடுக்கவில்லை. "பதறாதே, இந்நேரம் தைச்சிருக்க மாட்டாங்க" என்றார் வீட்டுக்காரர். எதையும் நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறவர், உலகமே அப்படி என்று நினைக்கிறார். நான் ஸ்கூட்டரை எடுத்தேன்.

சிக்னலில் நின்றபோது கை அரித்துக்கொண்டே இருந்தது. என் தோலே இந்தப் பாடு படுகிறது. அந்தக் குழந்தையின் நெஞ்சு எவ்வளவு இருக்கும்? என் உள்ளங்கை அளவு இருக்குமா?

அக்கா வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, நீ இங்க?"

"அந்தப் பஞ்சு எங்க?"

அவள் முகம் மாறியது. "கேட்டுட்டுத்தான எத்துகினு வந்தேன்? ஒரு மூட்ட குப்பைக்கி வண்டி ஏறி வந்துட்டியா?" பக்கத்து வீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலை இன்னும் ஏற்றினாள். "நல்லாப் பாருங்கடி, எங்க மேடம் பஞ்சு வசூலுக்கு வந்துகீது!"

"எனக்கு ஒண்ணும் வேணாம். அது பஞ்சே இல்ல. கண்ணாடி!"

"இன்னாது? மூஞ்சி பாக்குற கண்ணாடியா?"

யாரோ சிரித்தார்கள். சட்டென்று கையை நீட்டிக் காட்டினேன். முழங்கை வரை சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. அவள் பார்த்தாள். பிறகு தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். அதிலும் அதே தடிப்பு.

கத்தியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

மகள் சுவரோரமாகப் படுத்திருந்தாள். பக்கத்தில் குழந்தை. தலைக்குக் கீழே பழைய நூல் புடவையில் தைத்த குட்டித் தலையணை. அதற்குள் அக்கா தைத்தே முடித்திருந்தாள். அக்கா குழந்தையை வாரி எடுத்தாள். பிடரியில் பொடிப் பொடியாகச் சிவந்திருந்தது.

"வேர்க்குருன்னு பவுடர் போட்டேனே," என்றாள் மகள்.

"தேய்க்காத. யாரும் தேய்க்காதீங்க." தலையணையைப் பிய்க்கப் போன அக்காவைப் பிடித்து இழுத்தேன். "உதறித் தொலைக்காத! பறக்கும்!"

இவ்வளவு கலவரத்திலும் குழந்தை அழவில்லை. அதுதான் என்னைக் கலக்கியது.

அவர்கள் ஆட்டோவில் போக, நான் பின்னாலேயே போனேன். சின்ன கிளினிக். எங்களுக்கு முன்னால் ஆட்கள் இருந்தார்கள். கைக்குழந்தை என்றதும் எங்களை உள்ளே விட்டார்கள். டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வைத்து, நகர்த்தி, முதுகில் வைத்து, மறுபடியும் முன்னால் வைத்தார்.

அக்கா தனக்குள் முணுமுணுத்தாள். "பஞ்சுன்னாங்க. பஞ்சுன்னுதான எடுத்தேன்."

"தொட்டப்பவே அரிச்சிருக்குமே? அப்ப தெரியலையா?" பயத்தில் சுள்ளென்று விழுந்தேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு எதுதான் அரிக்கல? உன் வூட்டுப் பாத்திர சோப்பும்தான் அரிக்குது. இத்தினி வருசத்துல ஒரு நாளு சொன்னேனா?"



நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டரம்மா. தண்ணீரை மேலே ஊற்றிக் கழுவுங்கள், தேய்க்காதீர்கள், துணியெல்லாம் மாற்றுங்கள். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக, "இருமினாலோ, மூச்சு இரைச்சாலோ உடனே தூக்கிட்டு வாங்க" என்றார். அவர் முன்னால் சொன்ன நல்லதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. அந்த 'லோ' மட்டும் மண்டைக்குள் நின்றுவிட்டது.

திரும்பி வந்து, மேஸ்திரியை வைத்துப் பழைய மூட்டைகள் எல்லாவற்றையும், அக்கா வீட்டிலிருந்து எடுத்துவந்த தலையணையையும் மிச்சப் பஞ்சையும் சேர்த்து, பிளாஸ்டிக் பையில் கட்டவைத்து, ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரால் 'கண்ணாடி' என்று எழுதினேன். "வேற சைட்டுன்னு ஒரு துண்டு வெளிய போச்சு, தொலைச்சிடுவேன்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கட்டினார்.

அக்கா ஒரு நாள்தான் லீவு போட்டாள். அதற்குப் பிறகு தினமும் காலையில் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவேன். "இருமுச்சா?"

"இல்ல."

"பால் குடிக்கிறப்ப இரைக்குதா?"

"இல்லம்மா."

பிடரிச் சிவப்பு மறைந்துவிட்டது என்றாள். சரி என்றேன். மறுநாளும் கேட்டேன். கொஞ்ச நாளில் அவளுக்கு அலுத்துவிட்டது. "இந்தா, மூச்சு வுட்டுகினுதான் கீது. நீ போய் உன் வேலயப் பாரு" என்று சீறினாள். அதற்கடுத்த நாள் நான் வாயைத் திறந்ததுமே, பேசாமல் இடுப்பிலிருந்து செல்லை எடுத்து நீட்டினாள். மகள் அனுப்பிய வீடியோ. குழந்தை கையைக் காலை உதைத்துக்கொண்டு வீறிட்டு அழுதது.

சத்தத்தை முழுக்க ஏற்றிக் காதோடு வைத்துக்கொண்டேன். ஒரு அழுகை முடிந்து அடுத்தது கிளம்புவதற்கு முன் அது மூச்சை இழுக்கிற இடம் வருகிறதே, அங்கே ஏதாவது இரைகிறதா என்று உற்றுக் கேட்டேன். அக்கா விளக்குமாற்றோடு பக்கத்தில் நின்றாள். வீடியோ முடிந்தது. இன்னொரு முறை போடச் சொன்னேன்.